சாக்சனாகப் பிறந்து டேனாக வளர்ந்தவன்: இது நடக்கக்கூடியதா?

கேள்வி இது: "ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கிற சாக்சன்–டேன் போர் நாவல்களை வரிசையாகப் படித்து வருகிறேன். கதாநாயகன் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒட்டியவனாக வருகிறான். சாக்சன் வீட்டில் பிறக்கிறான், டேன்களிடம் வளர்கிறான், கடைசியில் ஆல்ஃபிரட் அரசருக்காக வாள் எடுக்கிறான். இதை நம்ப முடியுமா? போர்க் காட்சிகளாவது நிஜத்துக்குப் பக்கத்தில் வருமா?"

சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கதாநாயகனை நம்பலாம். போர்க் காட்சிகளைத்தான் கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும். வாசகர்கள் "இதெல்லாம் கதைக்காகச் செய்தது" என்று ஒதுக்குகிற விஷயத்துக்குத்தான் அந்தக் காலத்து ஆவணங்களில் ஆதாரம் நிறைய இருக்கிறது. "போர் என்றால் இப்படித்தான் இருந்திருக்கும்" என்று தலையாட்டுகிற இடங்களில் ஆதாரம் குறைவு.

முதலில் பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். அப்போது இங்கிலாந்து என்று ஒரு நாடு கிடையாது. வடக்கே நார்த்தம்பிரியா, நடுவில் மெர்சியா, கிழக்கே கிழக்கு ஆங்கிலியா, தெற்கே வெசெக்ஸ் என்று நான்கு அரசுகள். இவற்றின் மக்களைத்தான் நாவல்கள் சாக்சன்கள் என்கின்றன. 865இல் டேன்களின் பெரும்படை ஒன்று கடல் கடந்து கிழக்கு ஆங்கிலியாவில் வந்து இறங்கியது. அதற்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் கொள்ளையடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், இவர்கள் கிளம்பவில்லை. 866இல் யார்க் நகரம் விழுந்தது. 869இல் கிழக்கு ஆங்கிலிய அரசர் எட்மண்ட் கொல்லப்பட்டார். அடுத்த சில வருடங்களில் மெர்சிய அரசர் பர்க்ரெட் நாட்டையே விட்டு ரோமுக்குப் போய்விட்டார். பத்து வருடத்துக்குள் மூன்று அரசுகள் போயின. மிச்சம் இருந்தது வெசெக்ஸ். அதன் அரசர் 871இல் பட்டத்துக்கு வந்த ஆல்ஃபிரட், அப்போது வயது இருபத்திரண்டு.

'டேன்' என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 789ஆம் ஆண்டை ஒட்டி வெசெக்ஸ் கரையில் மூன்று கப்பல்கள் ஒதுங்கின. அரசரின் அதிகாரி ஒருவர், வந்திருப்பவர்கள் வியாபாரிகள் என்று நினைத்து, அவர்களை அரசர் மாளிகை இருக்கும் ஊருக்கு அழைத்துப் போகக் குதிரையில் போனார். அங்கேயே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். 'ஆங்கிலோ-சாக்சன் கிரானிக்கிள்' என்ற ஆண்டுக் குறிப்பு இதைச் சொல்லும்போது, வந்தவர்கள் நார்வே பக்கத்து ஹோர்டலாந்துக்காரர்கள் என்கிறது. அடுத்த வரியிலேயே, டேன்களின் கப்பல்கள் முதலில் வந்தது அப்போதுதான் என்கிறது. எழுதியவருக்கு இரண்டும் ஒன்றுதான். வடக்கிலிருந்து கப்பலில் வந்தவன் எவனும் டேன். சாக்சன் பக்கமும் அப்படியே. வெசெக்ஸ்காரனுக்கு மெர்சியாக்காரன் பக்கத்து நாட்டான், அவ்வளவுதான். பல தலைமுறை அவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டவர்கள்.

சரி, இப்போது உங்கள் கதாநாயகனுக்கு வருவோம்.

ஆல்ஃபிரடும் டேன் அரசர் குத்ரும்மும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் இன்றும் இருக்கிறது. எல்லை எது என்று அதில் எழுதியிருக்கிறது: தேம்ஸ் நதி வழியாக மேலே, பிறகு லீ நதி வழியாக அதன் ஊற்று வரை, அங்கிருந்து நேராகப் பெட்ஃபோர்டு, அப்புறம் ஊஸ் நதி வழியாக வாட்லிங் பெருவழி வரை. வரலாற்றுப் புத்தகங்கள் இந்த எல்லைக் கோட்டைத்தான் வரைபடமாகப் போடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கடைசிப் பிரிவு. அனுமதி இல்லாமல் எங்கள் அடிமையோ சுதந்திரமானவனோ உங்கள் படைக்குப் போகக் கூடாது, உங்கள் ஆட்கள் எங்களிடம் வரக் கூடாது என்கிறது அது. மாடு, பண்டம் வாங்கவோ விற்கவோ ஒருவன் எல்லை தாண்ட வேண்டும் என்றால் பணயக்கைதி கொடுத்துவிட்டுப் போகலாம். அவன் 'முதுகு சுத்தம்' என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தாண்டுகிறவர்கள் ஏராளமாக இருந்ததால்தான் இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது.

தாண்டியவர்களில் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. வில்ட்ஷையர் பகுதியை ஆண்ட வுல்ஃபியர் என்ற பெரிய பிரபு, அரசருக்குச் செய்த சத்தியத்தை மீறி, அரசரையும் நாட்டையும் கைவிட்டுப் போனதால் நிலம் பறிபோனது என்று பிற்காலத்துப் பட்டயம் ஒன்று சொல்கிறது. வில்ட்ஷையர் என்பது வெசெக்ஸின் இதயப் பகுதி. அங்கிருந்தே ஒரு பிரபு அரசரைக் கைவிட்டார் என்றால் அந்த வருடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பெரிய உதாரணம் ஆல்ஃபிரடின் சொந்த அண்ணன் மகன் ஏதெல்வோல்ட். அண்ணன் ஏதெல்ரெட் அரசர் 871இல் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் குழந்தைகள். படை வாசலில் நின்றது. அதனால் பட்டம் தம்பி ஆல்ஃபிரடுக்குப் போனது. 899இல் ஆல்ஃபிரட் இறந்ததும் அவர் மகன் எட்வர்ட் அரசரானார். இதுவரை பொறுத்திருந்த ஏதெல்வோல்ட், தன் அப்பா புதைக்கப்பட்டிருந்த விம்போர்ன் என்ற ஊரைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். வாசல்களை எல்லாம் அடைத்தார். "இங்கேயே வாழ்வேன், இல்லை இங்கேயே சாவேன்" என்று அறிவித்தார். கூட ஒரு பெண் இருந்தாள். கன்னியாஸ்திரியாக இருந்தவளை, அரசரின் அனுமதியும் இல்லாமல் ஆயரின் பேச்சையும் மீறி அழைத்து வந்திருந்தார். எட்வர்டின் படை பக்கத்தில் வந்து இறங்கியது. அன்று ராத்திரியே ஏதெல்வோல்ட் அந்தப் பெண்ணை விட்டுவிட்டுக் குதிரையேறிக் கிளம்பிவிட்டார். துரத்தியவர்களால் பிடிக்க முடியவில்லை.

எங்கே போனார் தெரியுமா? நார்த்தம்பிரியாவில் இருந்த டேன்களிடம். அவர்கள் அவரைத் தங்கள் அரசராகவே ஏற்றுக்கொண்டார்கள். டேன்களை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்த ஆல்ஃபிரடின் அண்ணன் மகன், டேன் படைக்குத் தலைமை தாங்கி வெசெக்ஸ் மேல் திரும்பி வந்தார். 902இல் ஹோம் என்ற இடத்தில் மோதல். எட்வர்ட் தன் படையைத் திரும்பி வரச் சொல்லியும் கென்ட் பகுதிக்காரர்கள் மட்டும் நகரவில்லை. ஏழு தூதர்களை அடுத்தடுத்து அனுப்பிப் பார்த்தார். கடைசியில் அவர்களை டேன்கள் சூழ்ந்துகொண்டார்கள். செத்தவர்கள் பட்டியலில் டேன்கள் பக்கத்தில் அவர்கள் அரசர் எயோரிக் இருக்கிறார், ஏதெல்வோல்ட் இருக்கிறார், கூடவே பியொர்ட்சிகே என்ற சுத்தமான ஆங்கிலப் பெயர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். இந்த மாதிரி ஆட்கள் நிஜமாகவே இருந்த காலத்தில், பக்கம் மாறும் ஒரு கதாநாயகனைப் படைப்பதற்கு எந்த எழுத்தாளரும் தயங்க வேண்டியதில்லை.

மொழி தடையாக இருந்திருக்காதா என்று சிலர் கேட்பார்கள். பழைய ஆங்கிலமும் டேன்களின் பேச்சும் நெருங்கிய உறவு மொழிகள். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குப் புரிந்திருக்கும் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. 'எக்', 'நைஃப்', 'ஸ்கை', 'விண்டோ', 'லா', 'ஹஸ்பண்ட்' என்று ஆங்கிலத்தில் இன்று புழங்கும் சொற்கள் அவர்களிடமிருந்து வந்தவை. 'அவர்கள்' என்று சொல்வதற்கான 'தே' என்ற சொல்லும் அங்கிருந்துதான். பண்டங்களின் பெயர் வியாபாரத்தில் வரும். பிரதிப்பெயர் அப்படி வராது; ஒரே வீட்டில், ஒரே வயலில் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தால்தான் வரும்.

876இல் ஹால்ஃப்டான் என்ற தலைவர் நார்த்தம்பிரியா நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள் என்று கிரானிக்கிள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு அந்த ஆண்டேட்டிலேயே மிகவும் பிடித்த வரி அதுதான். பதினோரு வருடம் குதிரையிலும் கப்பலிலும் திரிந்தவன் ஒரு நாள் ஏர் பிடிக்கிறான். பக்கத்து வயலில் இருப்பவன், இவன் போன வருடம் யாருடைய வீட்டைக் கொளுத்தினானோ அவனுடைய மச்சானாகக்கூட இருக்கலாம். அந்த முதல் அறுவடை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாவல் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

இனி போர்க் காட்சிகள். நாவல்களில் பத்தாயிரம் பேர் மோதுவார்கள். ஆல்ஃபிரடுக்கு இருநூறு வருடத்துக்கு முந்திய இனெ என்ற வெசெக்ஸ் அரசரின் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது: ஏழு பேர் வரை வந்தால் அவர்கள் திருடர்கள்; ஏழிலிருந்து முப்பத்தைந்து வரை கும்பல்; அதற்கு மேல் போனால் படை. அந்தச் சட்டத்தை ஆல்ஃபிரட் தன் சட்டத் தொகுப்போடு சேர்த்தே வைத்திருந்தார். 'படை' என்பதற்கு அதில் வரும் சொல் 'ஹெரெ'. கிரானிக்கிள் டேன் படையை அழைப்பதும் அதே சொல்லால்தான். இதை வைத்து 865இல் வந்தது முப்பத்தாறு பேர் என்று யாரும் வாதாடவில்லை. ஆயிரக்கணக்கில் வந்திருப்பார்கள் என்றே இப்போது பெரும்பாலும் கருதுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தவன் மனதில் 'படை' என்ற சொல்லின் அளவு என்ன என்பது இதில் தெரிகிறது. ஒரு கிராமத்துக்காரனுக்கு நாற்பது பேர் ஆயுதத்தோடு வந்து நின்றாலே உலகம் முடிந்தது.

அந்தப் படை எப்படி வாழ்ந்தது என்பதை இரண்டு குளிர்கால முகாம்கள் காட்டுகின்றன. ட்ரென்ட் நதிக்கரையில் உள்ள டோர்க்சியில் 872–73 குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்த வயல்களில் துண்டு துண்டாக வெட்டிய வெள்ளி, எடைக்கற்கள், நூற்றுக்கும் மேற்பட்ட அரபு வெள்ளி நாணயத் துண்டுகள், பலகை விளையாட்டுக்கான ஈயக் காய்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாக்தாத் பக்கத்து வெள்ளி இங்கிலாந்து வயலில் கிடக்கிறது. மழையில், பனியில், வேலை இல்லாத நீண்ட இரவுகளில் காய் நகர்த்தி விளையாடியிருக்கிறார்கள். அடுத்த குளிர்காலம் ரெப்டனில். அங்கே ஒரு மண்மேட்டின் கீழ் குறைந்தது 264 பேரின் எலும்புகள் இருந்தன. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள். பக்கத்தில் தனிக் கல்லறையில் ஒரு வீரன். கழுத்தில் தோர் தெய்வத்தின் சுத்தியல் வடிவப் பதக்கம், பக்கத்தில் வாள், கண்குழியில் காயம், இடது தொடை எலும்பில் ஆழமான வெட்டு, கால்களுக்கு நடுவே ஒரு பன்றித் தந்தம். அவனைப் புதைத்தவர்கள் அவசரப்படவில்லை. அவனிடம் குறைந்துபோன ஒன்றுக்கு ஈடு செய்து அனுப்பினார்கள் என்றுதான் அந்தத் தந்தத்தைப் பலர் புரிந்துகொள்கிறார்கள்.

ஆக, இது நடமாடும் ஊர். ஊர் என்றால் சாப்பாடு வேண்டும். இந்தப் போரின் போக்கைத் தீர்மானித்தது தானியம் எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான். 878 ஜனவரியில், கிறிஸ்துமஸ் பண்டிகை நாட்கள் முடிந்த கையோடு, குத்ரும் சிப்பனம் என்ற ஊரைப் பிடித்தார். அது அரசரின் மாளிகை இருந்த ஊர். சுற்று வட்டாரம் அரசருக்குக் கொடுக்க வேண்டிய தானியமும் இறைச்சியும் அத்தகைய இடங்களுக்குத்தான் வந்து சேரும். சாக்சன் படையோ விவசாயிகளின் படை; குளிர்காலத்தில் அவரவர் வீட்டில் இருப்பார்கள். பண்டிகை நேரம் வேறு. வாள் வீச்சைவிட இந்த நாள் தேர்வுதான் ஆல்ஃபிரடைக் காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் துரத்தியது. ஒரு நாவல் இந்தக் கணக்கைச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் எழுதியவர் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

கேடயச் சுவர் நிஜம். தோளோடு தோள் நின்று கேடயங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பிடித்து நிற்பது கவிதையிலும் வருகிறது, வரலாற்றிலும் வருகிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது ஈட்டி. வாள் விலை உயர்ந்தது, பரம்பரைச் சொத்து மாதிரி உயிலில் எழுதி வைப்பார்கள். இரும்புத் தலைக்கவசமும் வளையக் கவசமும் பணக்காரர்களுக்கு. கொம்பு வைத்த தலைக்கவசத்தை எந்த டேனும் போரில் போட்டதற்கு ஆதாரம் இல்லை. 1876இல் ஜெர்மனியில் மேடையேறிய ஓர் இசை நாடகத்துக்காக ஆடை வடிவமைத்தவர் தைத்த உருவம் அது. நாவலின் அட்டையில் கொம்பு இருந்தால் ஓவியரை மன்னித்துவிடலாம். உள்ளே இருந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

ஒரு சண்டையை நேரில் பார்த்த மாதிரி சொல்லும் இடம் ஒன்று உண்டு. 871 ஜனவரியில் ஆஷ்டவுனில் நடந்த போர். ஆல்ஃபிரடின் வாழ்க்கையை 893இல் எழுதிய ஆஸர் என்ற வேல்ஸ் நாட்டுத் துறவி அதைச் சொல்கிறார். டேன்கள் மேட்டில் நிற்கிறார்கள். அண்ணன் ஏதெல்ரெட் அரசர் கூடாரத்தில் பூசை கேட்டுக்கொண்டிருக்கிறார், முடியாமல் எழுந்து வர மாட்டேன் என்கிறார். தம்பி ஆல்ஃபிரட் காத்திருந்து பார்த்துவிட்டு, காட்டுப்பன்றி மாதிரி மேட்டை நோக்கிப் பாய்கிறார். இரண்டு படையும் மோதிய இடத்தில் ஒரே ஒரு சின்ன முள்மரம் நின்றது, அதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்கிறார் ஆஸர். அந்த முள்மரத்தை மறக்க முடியாது. இருபது வருடம் கழித்து அந்த மேட்டுக்குப் போய் நின்று, "இதோ இங்கேதான்" என்று யாரோ கை காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஆஷ்டவுனில் ஜெயித்தும் பலன் இல்லை. அடுத்த சில வாரங்களில் வேறு இடங்களில் தோற்றார்கள், அந்த வருடமே ஆல்ஃபிரட் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 878 மே மாதம் எடிங்டனில் கிடைத்த வெற்றிதான் நின்றது. அது நின்றதற்குக் காரணம், அதற்குப் பின் ஆல்ஃபிரட் கட்டிய சுவர்கள். இந்தப் பகுதியைப் பல நாவல்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வெசெக்ஸில் எந்த ஊரிலிருந்தும் ஒரு நாள் நடையில் எட்டும் தூரத்தில் பெரும்பாலும் ஒரு கோட்டை ஊர் இருக்கும்படி சுமார் முப்பது இடங்கள். அவற்றைக் காக்க எவ்வளவு ஆள் என்பதற்கு ஒரு கணக்கு எழுதி வைத்தார்கள், அந்த ஏடு கிடைத்திருக்கிறது. 'ஹைட்' என்ற நில அளவு ஒன்றுக்கு ஒரு ஆள். சுவரில் ஒரு கோல் நீளத்துக்கு, அதாவது சுமார் 5 மீட்டருக்கு, நான்கு ஆள். வின்செஸ்டருக்கு எழுதியிருப்பது 2,400 ஹைட். கணக்குப் போட்டால் 3,017 மீட்டர் சுவர் வருகிறது. வின்செஸ்டரின் ரோமானியச் சுவரை அளந்தால் கிட்டத்தட்ட அதேதான், இருபது மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. யாரோ ஓர் ஆள் கோலை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைச் சுற்றி நடந்து அளந்திருக்கிறான். படையையும் இரண்டாகப் பிரித்தார் ஆல்ஃபிரட். பாதி போருக்குப் போனால் பாதி வீட்டில் இருந்து வயலைப் பார்க்கும், பிறகு மாற்றிக்கொள்ளும். 892இல் புதிய படை ஒன்று 250 கப்பல்களில் வந்தபோது, கென்ட்டில் சதுப்பு நிலத்தில் பாதி கட்டி முடிக்காத ஒரு கோட்டையைத்தான் அவர்களால் எளிதாகப் பிடிக்க முடிந்தது. உள்ளே சில விவசாயிகள் மட்டும் இருந்தார்கள். கட்டி முடித்த கோட்டை ஊர்களில் அப்படி நடக்கவில்லை. நான்கு வருடம் அலைந்துவிட்டு அந்தப் படை கலைந்தது.

அந்த நான்கு வருடத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், உங்கள் முதல் கேள்விக்கு அது தொடர்புள்ளது. ஹாஸ்டைன் என்ற தலைவர் பென்ஃப்ளீட்டில் கோட்டை கட்டியிருந்தார். அவர் கொள்ளைக்குப் போன நேரம் பார்த்து சாக்சன்கள் அதைப் பிடித்து, அவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் சிறை எடுத்தார்கள். ஆல்ஃபிரட் மூவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம், ஒரு பையனுக்கு ஆல்ஃபிரடே ஞானத்தகப்பன். இன்னொரு பையனுக்கு ஆல்ஃபிரடின் மருமகன், மெர்சியாவை ஆண்ட ஏதெல்ரெட். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து உறவாக்கிக்கொண்டவன் மேல்தான் படை எடுத்து வந்திருந்தார் ஹாஸ்டைன். குத்ரும் கதையும் இதே வகைதான். எடிங்டனில் தோற்ற மூன்று வாரத்தில், முப்பது ஆட்களோடு ஆலர் என்ற ஊருக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றார். ஆல்ஃபிரட் ஞானத்தகப்பனாக நின்று, ஏதெல்ஸ்டன் என்று சாக்சன் பெயர் வைத்தார். குத்ரும் பிறகு கிழக்கு ஆங்கிலியாவில் அந்தப் பெயரிலேயே நாணயம் அடித்தார்.

கடல் சண்டை ஒன்றைக் கிரானிக்கிள் 896இல் விவரமாகச் சொல்கிறது. சாகசக் கதை எழுத நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான். ஆல்ஃபிரட் அறுபது துடுப்பும் அதற்கு மேலும் உள்ள பெரிய கப்பல்களைத் தன் சொந்த வடிவத்தில் கட்டினார். ஒன்பது புதுக் கப்பல்கள் ஒரு கழிமுகத்தில் ஆறு டேன் கப்பல்களை மறித்தன. மூன்று டேன் கப்பல்கள் உள்ளே மணலில் இழுத்துக் கிடக்கின்றன, ஆட்கள் கரையேறிப் போயிருக்கிறார்கள். மற்ற மூன்று எதிர்த்து வந்தன. இரண்டைப் பிடித்தார்கள், ஒன்று ஐந்து பேர் மட்டும் உயிரோடு தப்பியது. அப்போது கடல் வற்றத் தொடங்கிவிட்டது. பெரிய கப்பல்கள் தரை தட்டின, அதுவும் மோசமாக: மூன்று கப்பல் டேன்கள் கிடக்கும் பக்கம், ஆறு கப்பல் எதிர்ப் பக்கம். ஒருவருக்கு ஒருவர் உதவ முடியாது. தண்ணீர் வெகுதூரம் வற்றிப்போனதும் டேன்கள் ஈர மணலில் நடந்தே வந்து அந்த மூன்று கப்பல்களைத் தாக்கினார்கள்.

செத்தவர்கள் பெயர் வருகிறது: அரசரின் அதிகாரி லூக்குமன், வுல்ஃப்ஹெர்ட், எப்பெ, ஏதெல்ஹெரெ, அரசரின் பணியாளர் ஏதெல்ஃபெர்த். நடுவில் உள்ள மூவரும் ஃப்ரீசியர்கள், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஆல்ஃபிரடுக்காகக் கப்பல் ஓட்டியவர்கள். ஆக மொத்தம் இந்தப் பக்கம் 62 பேர், டேன்கள் 120 பேர். பிறகு கடல் ஏறியது. டேன்களின் கப்பல்களுக்குத் தண்ணீர் முதலில் வந்ததால் அவர்கள் முதலில் கிளம்பிவிட்டார்கள். ஆனால் காயத்தோடு சசெக்ஸைத் தாண்டித் துடுப்புப் போட முடியவில்லை. இரண்டு கப்பலைக் கடல் கரையில் ஒதுக்கியது. அந்த ஆட்களை வின்செஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். ஆல்ஃபிரட் தூக்கிலிடச் சொன்னார். மிச்சமிருந்த ஒரு கப்பல் காயம்பட்டவர்களோடு கிழக்கு ஆங்கிலியா போய்ச் சேர்ந்தது. வெற்றியா தோல்வியா என்று கிரானிக்கிள் சொல்லவே இல்லை. எந்த நாவலாசிரியரும் ஓதத்தை இதைவிட நன்றாகப் பயன்படுத்த முடியாது.

ஆதாரங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். டேன்கள் தங்கள் பக்கக் கதையை அப்போது எழுதி வைக்கவில்லை. கிரானிக்கிள் ஆல்ஃபிரட் காலத்தில், அவர் அரசவையை ஒட்டித் தொகுத்தது. ஆஸர் அவரிடம் சம்பளம் வாங்கியவர். அதனால் நாவல்கள் டேன்களைச் சிரித்துக் குடித்து வாழ்பவர்களாகவும், ஆல்ஃபிரடை நோயாளியாக, ஜெபமும் கணக்குமாக இருப்பவராகவும் காட்டும்போது, முன்பாதி கற்பனை. பின்பாதி ஆஸரிடமே இருக்கிறது. ஆல்ஃபிரடின் தீராத நோயை அவரே விவரமாக எழுதுகிறார். அடுப்பில் அப்பத்தைக் கருகவிட்டு ஒரு பெண்ணிடம் அரசர் திட்டு வாங்கிய புகழ்பெற்ற கதை மட்டும் அவர் காலத்துக் குறிப்புகளில் இல்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து ஒரு புனிதரின் வாழ்க்கை வரலாற்றில் முதலில் வருகிறது.

நம் ஊர் வாசகர்களுக்கு இதில் ஒரு சின்ன ஆச்சரியம் உண்டு. 883ஆம் ஆண்டுக் குறிப்பில், ஆல்ஃபிரட் தான் நேர்ந்துகொண்ட காணிக்கையை இரண்டு ஆட்களிடம் கொடுத்து ரோமுக்கும், இந்தியாவில் உள்ள புனித தோமாவுக்கும் புனித பார்த்தலோமேயுவுக்கும் அனுப்பினார் என்று இருக்கிறது. சில பிரதிகளில் இந்தியா, சில பிரதிகளில் யூதேயா. தோமா என்றதும் நமக்கு மயிலாப்பூர்தான் ஞாபகம் வரும். அந்த இருவரும் எதுவரை வந்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் டேன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அரசவையில் தோமாவின் பெயர் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

கடைசியாக, ஆதெல்னி. 878இன் குளிரில் ஆல்ஃபிரட் ஒளிந்திருந்த சதுப்பு நிலத் தீவு அது. ஈஸ்டர் சமயம் அங்கே ஒரு சின்னக் கோட்டை கட்டினார். ஏழு வாரம் கழித்துக் கிளம்பி எக்பர்ட் கல் என்ற இடத்துக்குப் போனபோது மூன்று மாவட்டத்து ஆட்கள் அவரைச் சந்தித்தார்கள், செத்துப் பிழைத்து வந்தவரைப் போல வரவேற்றார்கள். வெற்றிக்குப் பின் அந்தத் தீவிலேயே ஒரு மடம் கட்டினார். ஆனால் துறவியாகச் சேர உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் பழைய சாக்சனி நாட்டிலிருந்து ஜான் என்பவரை மடத்தலைவராகக் கொண்டுவந்தார், கடல் தாண்டிய பிராங்கியர் நாட்டிலிருந்து துறவிகளை வரவழைத்தார், சிறு பிள்ளைகளையும் சேர்த்தார். அந்த மடத்தில், புறமதத்து இனத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஓர் இளைஞனைத் துறவி உடையில் பார்த்தேன் என்று ஆஸர் எழுதுகிறார். புறமதத்தவர் என்று அவர் சொல்வது டேன்களை. உங்கள் நாவலின் கதாநாயகனை அப்படியே திருப்பிப் போட்டால் இவன்தான்: டேனாகப் பிறந்து சாக்சன்களிடம் வளர்ந்தவன்.

அதே மடத்தில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டுத் துறவிகளில் இரண்டு பேர் ஜானைக் கொல்லத் திட்டம் போட்டார்கள். ராத்திரி அவர் தனியாக ஜெபிக்க வருவார் என்று தெரிந்து, இரண்டு வேலைக்காரர்களை ஆயுதத்தோடு கோயிலுக்குள் ஒளித்து வைத்தார்கள். அவர் பீடத்தின் முன் மண்டியிட்டதும் பாய்ந்தார்கள். ஜானுக்குச் சண்டைப் பழக்கம் கொஞ்சம் உண்டு. காயம்பட்டும் எழுந்து, இவர்கள் மனிதர்களே இல்லை, பேய்கள் என்று நினைத்துக் கத்திக்கொண்டே போராடினார். சத்தம் கேட்டு அவர் ஆட்கள் ஓடி வந்தார்கள். கொல்ல வந்தவர்கள் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்குள் ஓடி மறைந்தார்கள். அந்த ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து ஓடி வந்தவர்களில் அந்த டேன் பையன் இருந்தானா என்று ஆஸர் சொல்லவில்லை. நீங்களே ஒரு கதை எழுத நினைத்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.